மூன்றாம் நம்பர் மலையிலிருந்து எடுத்த படம்

ராகலை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் மதுரனுக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, முட்டிவலிதான் மழைக்கு வருகிறது போகிறது. ஓமான் வெயிலில் நீயும் வாடாமல், வேளைக்குச் சாப்பிட்டு இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். வேலையை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டட்டுமா என்று கேட்டாய், நானும் இருந்துட்டு வாப்பா என்று சொல்லிவிட்டேன். போனில் எனக்கு அப்படித்தான் வாயில் வருகிறது. அதனால்தான் மஸ்கட் கிளம்பும் கிஷாந்திடம் இந்தக் கடிதத்தையும் நீ கேட்ட படத்தையும் கொடுத்துவிடுகிறேன்.

நீ வெள்ளைக்காரர்களை வண்டியில் கூட்டிப்போய்க் காட்டும் பள்ளத்தாக்கின் படங்களை லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் காட்டினேன். காளியாயி அக்கா, என்னடி இது ஒரு பச்சை இல்ல ஒரு கொழுந்து இல்ல, இதைப் பாக்கவா பிளேன் ஏறி வாறாங்க என்று சிரித்தார். எனக்கு நீ நிற்கும் இடம்தான் பயம். அகல லென்ஸ் போட்டால் காலடிப் பாறையும் படத்தில் விழ வேண்டும், அப்போதுதான் பள்ளம் ஆழமாகத் தெரியும் என்று விளிம்புக்கே போகிறாயாமே. அங்கே போகாதே, பின்னால் நின்று குனிந்து எடு, அழகு கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

நம் லயமும் பின்னால் மலையும் ஒரே படத்தில் வேண்டும், அறையில் மாட்ட வேண்டும் என்றாயே, அதற்காக நீ விட்டுப்போன கேமராவைத் தூக்கிக்கொண்டு, ஸ்டூடியோவில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுத் தனுஜாவோடு முதலில் கோயில் பாறைக்குப் போனேன். அகல லென்ஸில் மலையும் வானமும் எல்லாம் வந்தது, லயம் மட்டும் தீப்பெட்டி மாதிரி எங்கோ கிடந்தது, அதில் நம் வீடு எது என்று எனக்கே தெரியவில்லை. நீள லென்ஸைப் போட்டு எதிர்ப்பக்கம் தள்ளி நின்று எடுத்தால் லயமும் பெரிதாக வரும், பின்னால் மலையும் கிட்ட வந்து நிற்கும், நல்ல இடம் தெரியுமா பெரியம்மா என்று தனுஜா கேட்டாள். எனக்கா தெரியாது! எதிரே மூன்றாம் நம்பர் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்த காலத்தில் நாங்கள் எல்லாரும் ஒரே ஒரு செடி நிரைக்குத்தான் அடித்துக்கொள்வோம். அங்கே நின்றால் அவரவர் வாசல் தெரியும், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளலாம். வீட்டைப் பாத்தா கூடை நெறையுமா என்று மேற்பார்வைக்கு நிற்கும் கண்டாக்கையா கத்துவார்.

மறுநாள் காலை வெயில் சாய்ந்து விழும்போது அந்த நிரைக்கே போனோம். கதவு வரைக்கும் தெரியுதுங்க, பாருங்க பெரியம்மா என்று தனுஜா கேமராவைக் கொடுத்தாள். பழக்கத்தில் முதலில் உன்னைத் தேடினேன். பிறகு, சிரிக்காதே, என்னைத் தேடினேன். எந்நேரமும் வாசலில் நிற்கிறவள் நான்தானே. யாரும் இல்லை, கதவில் பூட்டு தொங்கியது, கொடியில் ஒரே ஒரு சேலை காய்ந்தது. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு நான் வெளியே இறங்கிவிட்டால் அந்த வீட்டில் ஒருத்தரும் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கண் கலங்கிவிட்டது, தனுஜாவிடம் காற்று என்றேன்.

ரொம்பத் தனியாக இருக்கிறேன் மகனே. இருந்துட்டு வா என்று சொன்னது பொய். வேலையை நீட்ட வேண்டாம், தவணை முடிந்ததும் வந்துவிடு.

அம்மன் உன்னைக் காப்பாற்றி, நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வெயிலில் தொப்பி போட மறக்காதே. படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது, ஆனால் அதை அங்கே சுவரில் மாட்டாதே, பெட்டியிலேயே வைத்திரு, வரும்போது எடுத்துக்கொண்டு வா.

உன் அம்மா,
நாகலெட்சுமி