டிக்கெட் இல்லாத பயணி

மார்ச் 4, செவ்வாய்

வக்கீலம்மா அனலியா எழுதச் சொன்னார். "எங்க வலிக்குது, என்னென்ன செய்ய முடியல, எல்லாத்தையும் அன்னன்னிக்கே எழுதி வைங்க. நாளைக்கு கோர்ட்டுல கேக்கும்போது பாதி மறந்துடும்." ஏழைகளுக்கென்று அரசாங்கம் கொடுத்த வக்கீல். சின்ன வயது. நகத்தைக் கடிக்கிறார். அதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

மகள் மார்லேனின் பழைய கணக்கு நோட்டில் எழுதுகிறேன்.

வலது கால். மூன்று விரல்கள் இல்லை. இல்லாத விரல்கள்தான் அதிகமாக அரிக்கின்றன. கழிப்பறைக்கு என் புருஷன் எலாடியோ தூக்கிக்கொண்டு போகிறான். "இதுக்கு சிமெண்டு மூட்டையே தேவலாம்" என்கிறான். சிரித்தேன். அவன் வேலைக்குப் போனதும் அழுதேன்.

நடந்ததையும் எழுத வேண்டுமாம். பிப்ரவரி 13, வியாழன். ஒவியேதோ போகிற பஸ்ஸில் எங்கள் ஊர் பர்ரேரோவில் ஏறினேன். கூடையில் எண்பது சிப்பா, பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட ரொட்டி, அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு. எல்லாம் விற்றுத் தீர்ந்தது. இறங்குகிற இடத்தில் டிரைவர் ரிகோபெர்த்தோ எப்போதும்போல வேகத்தைக் குறைத்தான். எப்போதும்போல நிறுத்தவில்லை. ஒரு காலைத் தரையில் வைத்தேன். பஸ் ஒரு குலுக்கு குலுக்கி முன்னால் போனது. பின்சக்கரம்.

அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன்.

மார்ச் 5

வலி. மார்லேன் மூலிகை போட்டுக் குளிரக் குளிரத் தெரெரே கலந்து கொடுத்தாள். குடிக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

நிமியா வந்தாள். என்னை இந்தத் தொழிலுக்குக் கூட்டி வந்தவளே அவள்தான். ஓடுகிற பஸ்ஸில் கூடையோடு எப்படி ஏற வேண்டும், எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும், எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தது. ஒரு கோழி கொண்டுவந்திருந்தாள். ஆனால் உட்காரவில்லை.

"கேஸ் போடப் போறியாமே?"

"போட்டா என்ன?"

"பஸ் கம்பெனிக்காரன் சொல்லிட்டான் சுனி. கேஸ் வந்தா ஒருத்தியையும் படியேற விடமாட்டானாம். அதுவும் புனித வாரத்துக்கு முன்னாடியே. நாங்க முப்பது பேரு இருக்கோம்டீ. உனக்குக் கால் போச்சு, அதுக்கு எங்க வயித்துல அடிக்கணுமா?"

வருடம் முழுக்க ஓடி ஓடி விற்பதைவிட அந்த ஒரு வாரத்தில்தான் அதிகம் விற்போம். அது எனக்குத் தெரியாதா?

அவள் போன பிறகு கோழி முற்றத்தில் கட்டினபடியே கத்திக்கொண்டிருந்தது.

மார்ச் 12, புதன்

காகுப்பே கோர்ட்டுக்குப் போய் மனு கொடுத்தோம். எலாடியோவின் முதலாளி வண்டி கொடுத்தார்.

குமாஸ்தா முதலில் கேட்டது: "டிக்கெட் இருக்கா?"

சிப்பா விற்கிறவளுக்கு டிக்கெட்டா? யார் வாங்கியிருக்கிறார்கள்? டிரைவர் கதவைத் திறப்பான், நாங்கள் ஒரு சிப்பா கொடுப்போம், அவ்வளவுதான். டிக்கெட் இல்லையென்றால் நான் பயணி இல்லை என்று கம்பெனி சொல்லுமாம். தெருவில் போனவள் தானாகத் தொற்றி ஏறி விழுந்தாள் என்று ஆகிவிடுமாம்.

"கவலைப்படாதீங்க," என்றார் அனலியா. "வழக்கமா டிரைவருங்களேதான் ஏத்திக்குவாங்கன்னு ஒருத்தர் வந்து சொன்னாப் போதும்."

ஒருத்தர். ஒரே ஒருத்தர். யார்?

அவர் மறுபடி நகத்தைக் கடித்தார்.

மார்ச் 16, ஞாயிறு

மதியம், ஊரே தூங்குகிற நேரம். சாம்பல் நிற வண்டி ஒன்று வீட்டு முன்னால் வந்து நின்றது. எலாடியோ சீட்டாடப் போயிருந்தான்.

இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. கம்பெனி ஆள். திராட்சை கொண்டுவந்திருந்தான். ரொம்ப மரியாதை. "சென்யோரா, உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது. கோர்ட்டு கீர்ட்டுன்னு எதுக்கு அலைச்சல்?" ஒரு காகிதம் நீட்டினான். அதில் கையெழுத்துப் போட்டால் அவசரத்துக்கு ஒரு தொகை தருவார்களாம்.

போகும்போது மார்லேனின் பள்ளிக்கூடத்துப் பெயரைச் சொல்லி, "நல்ல பள்ளிக்கூடம். ஆனா ரோடு தாண்டிப் போகணும், இல்ல?" என்றான்.

ஏன் அதைச் சொன்னான்? சும்மா பேச்சுக்கா? அவனுக்கு எப்படித் தெரியும்?

திராட்சையைக் கோழிக்குப் போட்டேன். அதுவும் தின்னவில்லை.

மார்ச் 17

மார்லேனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன்.

மார்ச் 19, புதன்

தகரக் கூரைமேல் கல் விழுந்தது. ஒன்றில்லை, மூன்று. பட்டப்பகலில். நான் ஜன்னலுக்கு நகர்வதற்குள் தெரு காலி.

கம்பெனி ஆள் எறிந்திருந்தால் பரவாயில்லை. எங்கள் பெண்களில் ஒருத்தியாக இருந்தால்? ஓடின செருப்புச் சத்தம் கேட்டது. நாங்கள் எல்லோரும் போடுகிற ரப்பர் செருப்பு. ஐயோ, அப்படி இருக்கக் கூடாது. ரப்பர் செருப்பு ஊரில் எல்லோரும்தானே போடுகிறார்கள்.

எலாடியோ சொன்னான்: "கையெழுத்துப் போட்டுத் தொலைடீ. உயிரோட இருப்போம்." கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து போய்க் கதவைத் தாழிட்டான். பதினேழு வருடத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

மார்ச் 20

போட்டுவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். மார்லேன் அந்தக் காகிதத்தைச் சத்தமாக வாசித்தாள்.

"பேருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது, ஓட்டுநருக்குத் தெரியாமல், நானாகவே ஏறினேன்."

தெரியாமலா! பதினோரு வருஷமா தினமும் காலையில, "சுனி, சூடா இருக்கா?"ன்னு அவன் கத்துறது பர்ரேரோ பூராவும் கேக்குமே! அவன் பெண்டாட்டி பிரசவத்துக்கு நான் போய் உட்காரலையா? தெரியாதாம்.

பேனாவை வைத்துவிட்டேன். தைரியத்தால் இல்லை. அந்த வரிக்குக் கீழே என் பெயரை எழுதக் கை வரவில்லை.

மார்ச் 27

ரிகோபெர்த்தோ வாக்குமூலம் கொடுத்துவிட்டானாம். அனலியா போனில் படித்தார். 'அந்தப் பெண்ணை எனக்கு அடையாளம் தெரியாது.'

இன்று வேறு எதையும் எழுத முடியாது.

ஏப்ரல் 5, சனி

நிமியா மறுபடி வந்தாள். வாசலிலேயே கத்த ஆரம்பித்தாள்.

"அந்த இஸ்திரிச் சட்டைக்காரன் என்கிட்டயும் வந்தான்டீ. கையெழுத்துப் போடுன்னான். எனக்குப் படிக்க வராதுன்னு நெனச்சிட்டான். வாய்விட்டுப் படிச்சேன். எங்கள்ல ஒருத்தியையும் எந்த டிரைவரும் எப்பவும் ஏத்தினதே இல்லையாம்! பதினெட்டு வருஷமா நான் அந்த பஸ்ல ஏறவே இல்லையாம்! அப்போ என் முட்டி எதுல தேஞ்சுது? கோயில்ல முட்டி போட்டா?"

"நீ என்ன சொன்னே?"

"சிப்பா வாங்குறியான்னு கேட்டேன். வாங்காமப் போயிட்டான்."

பிறகு உட்கார்ந்தாள். கூரையைப் பார்த்தாள். "கல்லு எறிஞ்சது யாருன்னு கேக்காதே," என்றாள். நான் கேட்கவில்லை. விசாரணைக்கு வருவாயா என்றும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

காகுப்பே. சமரச விசாரணை. ஒரு மேசை, பத்து நாற்காலி. கம்பெனி வக்கீல்கள் இரண்டு பேர், இஸ்திரிச் சட்டைக்காரன், ரிகோபெர்த்தோ. எங்கள் பக்கம் நான், எலாடியோ, அனலியா. இரண்டு நாற்காலி காலி. ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டேன். அந்தச் சத்தத்துக்கு ரிகோபெர்த்தோ தூக்கிவாரிப் போட்டதுபோல எழுந்துவிட்டான். பிறகு உட்கார்ந்தான். என் காலைப் பார்க்கவேயில்லை.

நடுவர் அம்மாள் அவனிடம் கேட்டார்: "இவங்களைத் தெரியுமா?"

"ஞாபகம் இல்லீங்க."

"விக்கிறவங்களை வண்டியில ஏத்துவீங்களா?"

"கம்பெனி விதிப்படி ஏத்துறதே இல்லீங்க."

அப்போது கதவு திறந்தது. நிமியா. சிப்பாக் கடை உடுப்பு, தலையில் கட்டுத்துணி, இடுப்பில் கூடை. காவலாளி பின்னாலேயே ஓடி வந்தான்.

"ஏத்துறதே இல்லியா?" என்றாள். "இப்ப காகுப்பேக்கு நானும் நீயும் ஒரே பஸ்லதானேடா வந்தோம்? கதவு தொறந்து என்னை ஏத்தினது உன் கூட்டாளி டிரைவர்தானே? என்கிட்ட வாங்கித் தின்னியே, தூள் இன்னும் உன் சட்டையில ஒட்டியிருக்கு பாரு!"

எல்லோரும் பார்த்தார்கள். ஒட்டியிருந்தது. அவன் தட்டிவிடப் போனான். கை பாதியில் நின்றுவிட்டது. நடுவர் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துகொண்டார்.

ரிகோபெர்த்தோ மேசையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான்: "அவ பேரு சுனில்டா. நிறுத்தி இறக்கினா நேரம் தவறுதுன்னு எங்களுக்கு அபராதம் போடுறாங்க."

கம்பெனி வக்கீல் பத்து நிமிடம் அவகாசம் கேட்டார்.

ஏப்ரல் 10

சொன்னதைச் செய்துவிட்டார்கள். அந்தக் கம்பெனி பஸ் ஒன்றும் பர்ரேரோவில் கதவு திறப்பதில்லை.

ஏப்ரல் 16, புதன், புனித வாரம்

வீட்டுக்கு வீடு அடுப்பு எரிகிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் எங்கள் பெண்கள் வெயிலில் கூடையோடு நிற்கிறார்களாம். மார்லேன் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். கடைக்குப் போன இடத்தில் ஒருத்தி அவள் காலடியில் துப்பினாளாம். யார் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள்.

நான்தான் காரணம்.

ஜூன் 11

ஒப்பந்தம் முடிந்தது. ஆபரேஷன் செலவும் நஷ்டஈடும் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். நான் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். விற்கிற பெண்களை ஏற்ற வேண்டும், பஸ் முழுதாக நின்ற பிறகே ஏற்றி இறக்க வேண்டும், அதற்காக டிரைவருக்கு அபராதம் கூடாது. கம்பெனி வக்கீல் சிரித்தார். "இது நஷ்டஈட்டு வழக்கு, சென்யோரா." அந்த வரி இல்லையென்றால் கையெழுத்து இல்லை என்றேன். என் குரல் உடைந்துதான் வந்தது. இரண்டு வாரம் இழுத்தார்கள். அந்த இரண்டு வாரமும் மார்லேனை எலாடியோதான் ரோடு தாண்டிக் கொண்டுபோய் விட்டான்.

அனலியா நகத்தைக் கடித்துக்கொண்டே அந்த வரியை எழுதி வாங்கிவிட்டார்.

ஜூலை 22, செவ்வாய்

தெற்குக் காற்று. விரல் இல்லாத இடம் குளிரில் விண்விண்ணென்று தெறிக்கிறது. சிப்பாக் கடையில் கூடைகளை நிரப்பிக் கொடுக்கும் வேலை எனக்கு. உட்கார்ந்தே செய்யலாம். நாலு பேர் என்னோடு பேசுவதில்லை. கூடையை வாங்கிக்கொள்கிறார்கள், முகத்தைப் பார்ப்பதில்லை.

காலை ஒவியேதோ பஸ் வந்தது. ஓட்டுவது ரிகோபெர்த்தோ இல்லை. அவன் இப்போது பட்டறையில் இருக்கிறானாம். பிரேக் சத்தம் கேட்டதும் என் கையிலிருந்த சிப்பா உடைந்துவிட்டது. தினமும் ஒன்றாவது உடைகிறது.

பஸ் நின்றது. முழுதாக நின்றது. உள்ளே யாரோ, "என்னய்யா, ஊர் போய்ச் சேர வேண்டாமா?" என்று கத்தினார்கள். நிமியா காலிக் கூடையோடு படியில் வந்தாள். ஒரு காலை வைத்தாள். இன்னொரு காலையும் வைத்தாள். பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். யாருக்கும் அவசரமில்லாத மாதிரி. அவள் நாலடி தள்ளி வந்த பிறகுதான் பஸ் கிளம்பியது.

நான் அடுத்த கூடையை எடுத்தேன்.