முழங்கால் உயரத் தடுப்பு

மார்ச் 3, செவ்வாய்

"டீச்சர், காத்துதான் கண்ணுக்குத் தெரியாதே. அது கெட்டுப்போனா எப்படித் தெரியும்?"

நான் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில், ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி கேட்டது. "உன் மூக்கு எதுக்கு இருக்கு, கண்ணாடி மாட்டவா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

இன்று சாப்பாட்டு மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தபோது ஏனோ அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. தவழச் சொன்னது அடுத்த தெருத் தையல்காரம்மா. "நாய்க்குட்டி வர்றதுக்கு முன்னாடி, குட்டி உயரத்துக்கு இறங்கி வீட்டைப் பாருங்கக்கா. நின்னுக்கிட்டுப் பார்த்தா ஒண்ணும் தெரியாது." சரிதான். மேசைக்கடியில் தொங்கும் ஒயர், சோபாவுக்கு அடியில் இவருடைய இதய மாத்திரை ஒன்று, ஒரு பொத்தான், இரண்டு குண்டூசி. இத்தனை நாள் நானும் இதே வீட்டில்தான் இருக்கிறேனா?

இவர் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். "பிள்ளைங்களை முட்டி போட வெச்ச பாவம் சும்மா விடுமா?"

"நான் யாரையும் முட்டி போட வெச்சதில்ல."

"அதான் இப்ப மொத்தமா போடுற."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்த வேலையெல்லாம். நெஞ்சில் அறுவை முடிந்ததிலிருந்து மனிதர் அந்த நாற்காலியை விட்டு எழுவதில்லை. நடங்கள், நடங்கள் என்று மருத்துவர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். போன வாரம் சட்டை வாங்கத் தையல் கடைக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரு குட்டி இவர் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓட, பின்னாலேயே கடை வாசல் வரை போனார். தானாக. அன்றே முடிவு செய்துவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

கூடை, மெத்தை, தண்ணீர்க் கிண்ணம், கழுத்துப் பட்டை, கயிறு எல்லாம் வாங்கியாயிற்று. திராட்சை, வெங்காயம், சாக்லேட் எதுவும் எட்டக்கூடாதாம். எல்லாம் மேல் அலமாரிக்குப் போயிற்று. தாயை விட்டு வரும் குட்டி முதல் சில நாள் அழுமாம். ஒரு கடிகாரத்தைத் துணியில் சுற்றிக் கூடையில் வைத்தால் தாயின் நெஞ்சுத் துடிப்பு என்று நினைத்து அடங்குமாம். பழைய அலாரம் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து வைத்துப் பார்த்தேன். காலியான கூடைக்குள்ளிருந்து டிக் டிக். இவர், "என் நெஞ்சைவிட ஒழுங்கா அடிக்குதே" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தையல்காரம்மாவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. குட்டி கொடுக்கும் முன் தாய் நாயைக் கூட்டி வந்து வீட்டைக் காட்டுவாள். கறுப்பி என்று பெயர். "அது வந்து சுத்திப் பார்த்துட்டுப் படுக்கணும். படுத்தா குட்டி உங்களுக்கு. படுக்கலைன்னா கோவிச்சுக்காதீங்க." பொண்ணு பார்க்க வருவது போல.

மார்ச் 7, சனி

தச்சர் வந்தார். சமையலறை வாசலுக்கு முழங்கால் உயரத்தில் பலகைத் தடுப்பு. குட்டி தாண்டாது, நாம் தாண்டலாம். அடியில் பாதம் நுழையாமல் ரப்பர் பட்டை. பின்கதவுக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. குட்டி சுரண்டி வெளியே போய்விட்டால்? அதற்கும் ரப்பர் பட்டை.

"தண்ணி ஊத்தினாக்கூட நிக்கும்மா" என்றார் தச்சர், பெருமையாக. நல்ல வேலைக்காரர்.

மார்ச் 8, ஞாயிறு

சமையலறையில் தவழ்ந்தேன். மேடைக்குக் கீழே கேஸ் ட்யூப் வளைந்து தொங்குகிறது, சரியாகக் குட்டியின் பல் உயரத்தில். இழுத்து மேலே தூக்கிச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். சிலிண்டரையும் மேடைக்கு அடியில் தள்ளி, முன்னால் கதவு போட்டாயிற்று. இனி எந்தக் குட்டியாலும் அதைத் தொட முடியாது.

ஒரு தொல்லை: ரெகுலேட்டரை மூட முழுதாகக் குனிந்து உள்ளே கை விட வேண்டும். இவர் குனியக்கூடாது. என் முட்டியோ இன்று ஒத்துழைக்கவில்லை. ஒருநாள்தானே, திறந்தே இருக்கட்டும்.

மார்ச் 9, திங்கள்

பக்கத்து வீட்டுப் பூனை பின்ஜன்னலில் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தது. மீன் தலையைக் காட்டியும் இறங்கவில்லை. "நாய் வரப்போகுதுன்னு அதுக்கு அதுக்குள்ள மூக்குல வேர்த்துடுச்சு" என்றார் இவர்.

மார்ச் 11, புதன்

மகள் தொலைபேசியில் பேசினாள். "அம்மா, உனக்கு ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" தலைவலி என்றேன். சமையலறைக் கீழ் அலமாரிகளைத் துடைக்க உட்கார்ந்தால் தலை கனக்கிறது, எழுந்தால் சரியாகிறது. வயசு. குட்டிக்காகக் கிழவி குட்டிக்கரணம் போட்டால் வேறென்ன ஆகும்?

பால் திரிந்ததை இன்றும் ஊற்றிய பிறகுதான் கண்டுபிடித்தேன். முந்தாண்டு வந்த காய்ச்சல் என் வாசனை உணர்வைக் கொண்டுபோனதோடு சரி, திரும்பவில்லை. இவருடையதை மூக்குப்பொடி எப்போதோ தின்றுவிட்டது. "நம்ம வீட்டுல ரெண்டு மூக்கு இருக்கு, வேலை செய்யத்தான் ஒண்ணுமில்ல" என்று இவரே சொல்வார்.

மார்ச் 13, வெள்ளி

கறுப்பி வந்தாள். காலையிலிருந்து வீட்டைத் துடைத்து வைத்திருந்தேன். இவர் புதுச் சட்டை.

கூடம் முழுதும் முகர்ந்தாள். கூடையை, கடிகாரத்தை, இவர் கால் விரலை. வால் ஆடியது. பிறகு சமையலறைத் தடுப்புக்குப் போனாள். போனவள் அப்படியே நின்றாள். முதுகு முடி எழுந்தது. உள்ளே ஒன்றுமில்லை. வெறும் தரை. அதைப் பார்த்து உறுமினாள். அடிவயிற்றிலிருந்து வரும் உறுமல். பின்வாங்கி வந்து, வாசலுக்குக் கயிற்றை இழுத்தாள்.

கூடத்தைத் தாண்டாத தையல்காரம்மா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள். "ஃபினாயில் எவ்வளவு ஊத்தினீங்கக்கா? எனக்கே மூக்கைத் துளைக்குது." எனக்கு எப்படித் தெரியும் எவ்வளவு என்று? "மன்னிச்சுக்கோங்க. இவ வேண்டாங்குறா."

இவர் கழுத்துப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். சாயங்காலம் வரை அப்படியே.

மார்ச் 14, சனி

பக்கத்து வீட்டம்மா வேலியோரம் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்தி, "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். நாய் கண்ணுக்குச் சிலது தெரியும். ஆளுக்கு ஏதாவது ஆகறதுக்கு முன்னாடி அதுக்குத் தெரிஞ்சிடும். அண்ணா உடம்பைப் பார்த்துக்கோங்க."

முப்பது வருஷம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். "சும்மா இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து, மதியம் இவர் தூங்குகையில் எதிரே உட்கார்ந்து நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பி இவர் காலை முகர்ந்தபோது வால் ஆடியதுதானே? ஆடியது. நான் பார்த்தேன். அப்புறம் அந்த வெறுந்தரையில் என்னத்தைப் பார்த்து உறுமினா? என்ன இருக்கு அங்க?

ஊருக்குத்தான் உபதேசம்.

மார்ச் 15, ஞாயிறு

கடிகாரத்தை நிறுத்திவிட்டேன். அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

யோசித்துப் பார்த்தேன். ஒரு சோதனையில் விடை தவறினால், ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றி மறுபடி செய்ய வேண்டும். வகுப்பில் அதைத்தானே சொன்னேன்? மாற்ற வேண்டியது ஃபினாயில். இரண்டு நாளாக வெறும் தண்ணீரில் துடைக்கிறேன். தையல் கடைக்குப் போய் நின்றேன். "இன்னொரு தடவை கூட்டிட்டு வாம்மா. அவர் பேசறதையே நிறுத்திட்டாரு."

அவள் தையல் இயந்திரத்தை மிதிப்பதை நிறுத்தினாள். "அண்ணனுக்காக வர்றேன்கா. ஆனா முடிவு கறுப்பிதான் எடுப்பா."

ரெகுலேட்டர் இன்றும் மூடவில்லை. நாளையிலிருந்து கட்டாயம்.

மார்ச் 18, புதன்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

கறுப்பி வந்தாள். கூடத்தில் சுற்றினாள். எல்லாம் சரி. இவர் முகம் மலர்ந்து, "உட்காரும்மா, முதல்ல டீ போடறேன்" என்று எழுந்தார். எழுந்தார்! நாற்காலியை விட்டு! எனக்கு அதுவே போதும் என்று இருந்தது, நான் தடுக்கவில்லை. தடுப்பைத் தாண்டி உள்ளே போய் மேடையிலிருந்த தீப்பெட்டியை எடுத்தார்.

கறுப்பி தடுப்புக்கு ஓடினாள். மறுபடி அதே உறுமல். அப்புறம் குரைப்பு. இவரைப் பார்த்து இல்லை. இவர் முழங்காலுக்குக் கீழே பார்த்து.

"ஏய், என்னடி உனக்கு?" என்று தையல்காரம்மா பின்னால் போய், கழுத்துப் பட்டையைப் பிடிக்கக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. முகம் மட்டும் மாறியது.

"அண்ணா... அந்தக் குச்சியை அப்படியே வைங்க."

"என்னம்மா?"

"கொளுத்தாதீங்கண்ணா! கேஸு! தரை முழுக்க கேஸு! அக்கா, ஸ்விட்ச்ல கை வைக்காதீங்க!"

குச்சி பெட்டியின் உரசும் பக்கத்தில் நின்றது. இவர் கை அப்படியே. தையல்காரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டினாள். இவரை வெளியே தள்ளினாள், மேடைக்கு அடியில் கை விட்டு ரெகுலேட்டரை மூடினாள், பின்கதவை விரியத் திறந்தாள். நாங்கள் எல்லாரும் தெருவில் போய் நின்றோம். பின்படி வழியாக அந்த கேஸ் தோட்டத்துக்கு இறங்கிப் போயிருக்கும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்கும் தெரியவில்லை, மூக்குக்கும் தெரியவில்லை.

"உங்களுக்கு நிஜமாவே தெரியலையாக்கா?" என்றாள் அவள். இவர் சட்டைப் பையிலிருந்து மூக்குப்பொடி டப்பாவை எடுத்தார். பார்த்தார். திறக்காமல் திரும்ப வைத்தார்.

மார்ச் 20, வெள்ளி

கேஸ் மெக்கானிக் ட்யூபைக் கழற்றிக் காட்டினார். கயிறு இறுக்கிய இடத்தில் மடிந்து, எறும்பின் வாய் அளவுக்கு ஒரு வெடிப்பு. பழைய ட்யூப்தான். ஆனால் கயிறு நான் கட்டியது.

"ஜன்னல் திறந்துதானே இருந்தது?" என்று கேட்டேன். கேட்டவுடனே வெட்கமாகிவிட்டது. வருஷா வருஷம் வகுப்பில் காட்டுவேனே – ஒரு தொட்டிக்குள் இரண்டு மெழுகுவத்தி, ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. சோடா மாவில் வினிகர் விட்டு, கிளம்பும் காற்றை மட்டும் தொட்டிக்குள் சாய்த்தால் குட்டை முதலில் அணையும். "கனமான காற்று தண்ணீர் மாதிரி. கீழே தேங்கும், வழி இருந்தால் வழியும்." பிள்ளைகள் கை தட்டுவார்கள். சமையல் கேஸும் அப்படித்தான், கனம். அதன் வழி அந்தப் பின்கதவின் இரண்டு விரல் இடைவெளி. அதை அடைத்தேன். வாசலில் கரை கட்டினேன். தண்ணீர் ஊற்றினாலும் நிற்கும் என்றாரே தச்சர், நின்றது. குட்டிக்கு ஆபத்து வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்து ஒரு தொட்டி கட்டி, அதற்குக் கொஞ்சம் மேலே தினமும் விடியலில் நானே தீக்குச்சி உரசியிருக்கிறேன், அன்று இவரையும் உரச விட இருந்தேன்.

அந்த கேஸ் குளம் மேடை வரை ஏறியிருந்தால்? இந்த வரிக்கு மேல் எழுத வேண்டாம்.

மார்ச் 22, ஞாயிறு

தச்சர் தடுப்பைக் கழற்றி, பலகைக்குப் பதில் காற்று புகுந்து போகும் கம்பி அழி வைத்தார். பின்கதவின் பட்டையை நானே பிய்த்தேன். மெக்கானிக் தரையோரம் ஒரு மணியைப் பொருத்தியிருக்கிறார். கேஸ் கசிந்தால் அலறுமாம். இரண்டு தடவை சோதித்தேன். மூன்றாவது தடவைக்கு இவர், "போதும் டீச்சர், தெருவே எழுந்துடும்" என்றார்.

ஆனாலும் இப்போது வீட்டில் நடக்கும்போதெல்லாம் காலைப் பார்த்து நடக்கிறேன். இன்னும் என்னென்ன இருக்கிறதோ, எங்கள் இருவருக்கும் தெரியாமல்.

மார்ச் 29, ஞாயிறு

கறுப்பி மூன்றாம் முறையாக வந்தாள், இந்த முறை குட்டியோடு. கூடம், சமையலறை வாசல், இவர் கால். கம்பி அழியில் மூக்கை வைத்து நெடுநேரம் நின்றாள். பெருமூச்சு விட்டு, அங்கேயே, வாசலை அடைத்துக்கொண்டு படுத்தாள்.

"படுத்துட்டாக்கா" என்றாள் தையல்காரம்மா.

பெயர் வைத்தது இவர். மூக்கன். "வேலை செய்யற மூக்கு இந்த வீட்டுல ஒண்ணாவது இருக்கட்டும்." சாயங்காலம் மூக்கனும் இவரும் தெருமுனை வரை போய் வந்தார்கள். கடிகாரத்துக்கு மறுபடி சாவி கொடுத்திருக்கிறேன். பாவம், குட்டி, எல்லாவற்றையும் அதன் மூக்கின் மேல் சுமத்தக்கூடாது. ரெகுலேட்டரை மூடிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முட்டி வலிக்கிறது, வலிக்கட்டும்.

அடுத்த வாரம் மகள் வருகிறாள். என் நோட்டைத் திருட்டுத்தனமாகப் படிக்கும் பழக்கம் அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு. படிக்கிறாயா கண்ணு? சரி, உனக்கு ஒரு வீட்டுப்பாடம். ஊருக்குத் திரும்பியதும் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கரைத்துக்கொள். அடுப்பைப் பற்றவைக்காமல், ரெகுலேட்டரை மட்டும் திறந்து, கேஸ் ட்யூப் முழுதும், இரண்டு முனையிலும் தடவி, தரையில் உட்கார்ந்து குமிழி வருகிறதா என்று பார்.