மூன்றாம் கட்டத்துப் படகு

மின்னஞ்சல், மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் கணினி விளையாட்டு வெளிவந்து பத்து நாளாகிறது. அக்காவுக்கு நாலு வரி எழுத துரைக்கு நேரமில்லையோ?

நான் விளையாடியே விட்டேன்! எங்கள் பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர் பென் டிரைவில் கொண்டுவந்தார். "உங்க தம்பி கேம்தானேக்கா, காசெல்லாம் குடுக்காதீங்க" என்றார். செயற்கைப் பல் வடிவமைக்கும் என் கணினியில்தான் படம் தடங்கலில்லாமல் ஓடும், அதிலேயே ஏற்றினேன். பன்னிரண்டு பேருக்கு நானே நகல் போட்டுக் கொடுத்தேன். "தம்பி செஞ்சது, தம்பி செஞ்சது" என்று சொல்லி வாய் வலிக்கிறது.

ஒரே குறை. மூன்றாம் கட்டத்தில் எவ்வளவு துடுப்புப் போட்டாலும் படகு நகரவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான். என்னவென்று பார்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

மின்னஞ்சல், மார்ச் 3

அக்கா,

இரண்டு முறை போன் போட்டேன், நீ எடுக்கவில்லை.

படகில் கோளாறில்லை. பூட்டை உடைத்த கள்ளப் பிரதியில் மட்டும் அது நகராது. நான்தான் அப்படி வைத்தேன். அதில் நீ போய் உட்காருவாய் என்று நினைக்கவில்லை.

ஏற்றும்போது வைரஸ் தடுப்பை அணைக்கச் சொன்னதா? நீயும் அணைத்திருப்பாய். கணினியின் இணையத்தை இப்போதே துண்டி. கடவுச்சொற்களை வேறு கணினியிலிருந்து மாற்று. டாக்டரிடம் சொல். பிறகு அந்தப் பன்னிரண்டு பேரிடமும் சொல்.

நாங்கள் மூன்றே பேர், அக்கா. விற்பனை இப்படியே போனால் ஆளுக்கொரு வேலை தேட வேண்டியதுதான். இப்போதைக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

தம்பி

தபாலில், மார்ச் 26

அன்புள்ள தம்பிக்கு,

நீ போனை எடுப்பதில்லை; என் மின்னஞ்சலும் பறிபோய்விட்டது. அதிலிருந்து எவனோ என் பெயரில் எழுதுகிறான், நம்பாதே. இது என் கையெழுத்து, உனக்குத் தெரியும்.

நான் உன் மின்னஞ்சலைப் பார்ப்பதற்குள், அந்தப் பிரதியோடு வந்த வைரஸ் மருத்துவமனைக் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டது. டாக்டரிடம் சொன்னேன். "பதினேழு வருஷமா இருக்கீங்க, நீங்களேவா?" என்றார். கணினி அறைச் சாவி இப்போது என்னிடம் இல்லை. நல்லவேளை, நோயாளிகளின் பல் அச்சுகள் அலமாரியில் இருந்தன. அவற்றை வைத்து, கணினியில் வடிவம் பறிபோன நாற்பது பேருக்கும் மறுபடி கையாலேயே பல் செய்கிறேன். பன்னிரண்டு பேர் முன்னாலும் தனித்தனியாகப் போய் நின்றேன். ஏழு பேர் அழித்துவிட்டார்கள். எக்ஸ்ரேக்காரர் மட்டும் என்னிடம் பேசுவதில்லை.

நேற்று உன் விளையாட்டைக் கடையில் வாங்கி வீட்டுக் கணினியில் ஏற்றினேன். படகு நகர்ந்தது. அக்கரையில் ஒருத்தி, முன்பல்லில் இடைவெளியோடு, இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு "ஏண்டா, சாப்பிட்டியா?" என்று கத்துகிறாள்.

இத்தனை நாளும் என்னை அங்கே நிற்க வைத்திருக்கிறாய். பன்னிரண்டு பேரையும் அந்தக் கரைக்குப் போகவிடாமல் செய்தவளும் நான்தான்.

கோபம் ஆறியதும் எழுது. ஆறாவிட்டாலும் எழுது.

சாப்பிட்டியா?

அக்கா