பின்னால் நடந்து தண்ணீரில் இறங்கிய புலி

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. வரிகள் நேராக நிற்க மாட்டேன் என்கின்றன. அலையில் அகப்பட்ட கட்டுமரம் போல ஏறி இறங்குகின்றன. 'ழ' எழுதுவதற்கு மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. காலையில் உட்கார்ந்தேன், இந்த நாலு வரி முடிவதற்குள் வெயில் வாசற்படியைத் தாண்டிவிட்டது. ஆனால் ஒன்று சொல்லட்டுமா? பேனா பிடிக்கிற விரலில் காய்ப்பு வந்திருக்கிறது. துடுப்புப் போட்ட கையில் இந்த வயதில் ஒரு புதுக் காய்ப்பு! குப்பத்தில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் நீட்டி நீட்டிக் காட்டுகிறேன்.

உனக்கு எழுத வைத்தது ஒரு சின்னப் புத்தகம். மாலை வகுப்பில் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். எனக்கு வந்தது காட்டு விலங்குகளைப் பற்றியது. ஒரு பக்கம் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆகும். புதன்கிழமை புலியின் பக்கத்துக்கு வந்தேன். வெயில் காலத்தில் புலி பின்பக்கமாக நடந்து தண்ணீரில் இறங்கி உட்காரும் என்று அதில் இருந்தது. 'பின்பக்கமாக' என்பதை மூன்று முறை எழுத்துக்கூட்டினேன். மூன்று முறையும் அதுதான் வந்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

"இன்னா தாத்தா, வெளிய போணுமா?" என்று கேட்டார் டீச்சர்.

"இல்லம்மா. எம் பொண்டாட்டி ஜெயிச்சிட்டா."

வகுப்பே சிரித்தது. நான் உட்காரவில்லை.

நாம் காட்டுக்குப் போன அந்தப் பயணமே உன் வாயால் வந்ததுதான். ஆராய்ச்சி நிலையக் குடியிருப்பில் நீ வாடிக்கையாக மீன் போட்ட வீடு. அந்த அம்மா, நாலு குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து தேசியப் பூங்காவுக்குப் போகிறோம், காட்டுக்குள்ளேயே ஒரு ராத்திரி தங்கி விலங்கு பார்க்கப்போகிறோம், கடைசி நேரத்தில் இரண்டு பேர் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்று புலம்பினார். பின்வாசலில் சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டே நீ கேட்டாய்:

"ரெண்டு சீட்டு காலியா கீதுதானேம்மா? நானும் எங்க வூட்டு ஆளும் வர்றோம்."

"மீன்காரம்மா, அங்க மீன் கிடையாது. புலிதான் இருக்கும்."

"புலி இன்னா, மீன் குடுத்தா வாணான்னா சொல்லப்போவுது?"

அவர் சிரித்துவிட்டுச் சரி என்றார். கடலைத் தவிர ஒன்றும் அறியாத நாம் இருவரும் வேனின் கடைசி சீட்டில் ஏறினோம். மலைப்பாதை திரும்பத் திரும்ப என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "யோவ், இன்னாய்யா இது, தரை மேல மேல ஏறிக்கினே போவுது!" என்றாய். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா?

குட்டையைப் பார்த்தபடி மரத்தாலான காவல் கோபுரம். பேசக் கூடாது, டார்ச் அடிக்கக் கூடாது என்று காட்டு வாட்சர் சொல்லிவிட்டுப் போனார். கூட வந்தவர்கள் கொஞ்ச நேரம் கிசுகிசுத்தார்கள், சிப்ஸ் பொட்டலம் பிரித்தார்கள், பிறகு ஒவ்வொருவராகச் சாய்ந்து தூங்கிப்போனார்கள். நமக்குத் தூக்கம் ஏது? வலை விட்டுவிட்டு விடிய விடிய உட்கார்ந்தவன் நான். படகு திரும்பும்வரை கரையில் உட்கார்ந்தவள் நீ.

அது வந்தது. நிலா வெளிச்சத்தில் மீசை மயிர்கூடத் தெரிந்தது. குட்டையின் ஓரத்தில் நின்று சுற்றிலும் பார்த்தது. அப்புறம் திரும்பி, நம் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, பின்னங்கால்களை ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் விட்டது. சுடுநீரில் கால் வைக்கிற கிழவனைப் போல அவ்வளவு மெதுவாக. கழுத்துவரை அமிழ்ந்து உட்கார்ந்தது. நீ என் மணிக்கட்டை இறுக்கினாய். பிறகு கையை விட்டுவிட்டுக் கும்பிட்டாய். நானும் கும்பிட்டேன்.

நம் வழக்கம் அதுதானே. கடலில் படகைவிடப் பெரிய உயிர் பக்கத்தில் வந்தால் பெயர் சொல்லக் கூடாது, சத்தம் போடக் கூடாது. கும்பிட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். கரையில் கால் வைத்த பிறகுதான் வாய் திறக்கலாம். காட்டிலும் அதையே செய்தோம். ஆறு பேர் புலி பார்ப்பதற்காகவே வந்து நம் காலடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். எழுப்ப வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

விடிந்து, ஏணியிலிருந்து இறங்கி, மண்ணில் கால் வைத்ததும் நீ சொன்னாய்.

"புலி வந்திச்சிம்மா. பின்னாலயே நடந்து தண்ணியில எறங்கி உக்காந்திச்சி."

"ரிவர்ஸ் எடுத்துச்சா?" என்றார் அந்த அம்மாவின் வீட்டுக்காரர். "பின்னாடி நின்னு யாரு 'வா வா, ரைட்'னு சொன்னாங்க?"

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"பார்த்திருந்தா ஏம்மா எங்களை எழுப்பல?"

"பெருசா ஒண்ணு வந்தா பேசக் கூடாதும்மா."

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. வாட்சர் கால்தடம் பார்க்கப் போனார். விடியற்காலையில் காட்டெருமைக் கூட்டம் ஒன்று இறங்கிச் சேற்றையெல்லாம் கலக்கிவிட்டிருந்தது. அப்போது அந்த வீட்டுக்கார சார் என் பக்கம் திரும்பினார்.

"பெரியவரே, நீங்க சொல்லுங்க. பார்த்தீங்களா?"

படித்த முகங்கள் அத்தனையும் என்னையே பார்த்தன. நான் என் காலைப் பார்த்தேன்.

"தெரியல சார். இருட்டா இருந்திச்சி."

நீ ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தாய். அவ்வளவுதான்.

கதை நமக்கு முன்னால் குப்பத்துக்கு வந்து சேர்ந்தது. உனக்கு 'ரிவர்ஸ் அக்கா' என்று பெயர் வைத்தார்கள். கூடையோடு நீ போனால் பிள்ளைகள் முன்னால் ஓடிவந்து, உன்னைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து காட்டின. "நான் பாத்தத நான் பாத்தேன். எவன் சிரிச்சா எனக்கின்னா?" என்றாய். அதே பின்வாசலுக்குப் போய் அதே மீனை விற்றாய். ஏனய்யா அப்படிச் சொன்னாய் என்று என்னை ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். கண்ணை மூடுவதற்கு முன், படுக்கையில் கிடந்தபோது மட்டும், "அதும் மூஞ்சி எம்மாம் பெருசு, இல்லய்யா?" என்றாய். "ஆமா" என்றேன். நம் இருவரைத் தவிர ஆளில்லாத அறையில் ஆமாம் சொல்ல என்ன தைரியம் வேண்டும்?

நேற்று பஸ் ஏறிக் குடியிருப்புக்குப் போனேன். நீ கூடை இறக்கிய பின்வாசலுக்குப் போகவில்லை. முன்கதவின் மணியை அடித்தேன். அந்த அம்மாவுக்குத் தலை நரைத்துவிட்டது. சாருக்கும் ஓய்வு கிடைத்து வீட்டில்தான் இருக்கிறார்.

"அட, ரிவர்ஸ் புலி வீட்டுக்காரரா!" என்று சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஆமா சார். அன்னிக்கி நானும் பாத்தேன். அவ சொன்ன மாதிரியேதான் எறங்கிச்சி. உங்க கிட்ட பொய் சொல்லிட்டேன்."

சிரிப்பு நின்றது. "இத்தனை வருஷம் கழிச்சு வந்து சொன்னா எப்படி? என்ன ப்ரூஃப்?"

"நான்தான் சார் ப்ரூஃபு."

பையில் புத்தகம் இருந்தது. நான் எடுக்கவில்லை. காட்டியிருந்தால் உடனே ஒப்புக்கொண்டிருப்பார். அச்சில் வந்த பிறகு உன்னை நம்புவது ஒரு நம்பிக்கையா? அன்றைக்கு உனக்குத் தேவைப்பட்டது புத்தகம் இல்லை. பக்கத்தில் நின்ற நான்.

"ஏன் அப்பவே சொல்லல?" என்று அந்த அம்மா மெல்லக் கேட்டார்.

"உங்களல்லாம் கண்டா பயம்மா. அவளுக்குத்தான் பயமே கெடையாது."

"தினமும் வருவாங்க. ஒரு தடவைகூட முகத்தைச் சுளிச்சதில்ல," என்றார் அந்த அம்மா. சார் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே பேசிவிட்டு வந்தேன்.

இன்று விடியற்காலையில், மீன் ஏலம் விடுகிற இடத்தில் கூட்டம் கூடியபோது, அங்கேயும் சத்தமாகச் சொன்னேன். "பெருசுக்கு மூளை கலங்கிடிச்சி" என்றான் ஒருத்தன். "கலங்கட்டும்டா. நான் பாத்தேன்" என்றேன். சொல்லச் சொல்ல உடம்பு லேசாகிறது. ஆனாலும் அந்தத் 'தெரியல சார்' உள்ளே அப்படியேதான் கிடக்கிறது. அது போகாது. போகவும் வேண்டாம், அது உள்ளே குத்திக்கொண்டிருக்கிறவரை நான் வாயை மூட மாட்டேன்.

அடுத்த வாரத்துக்கு, அவரவர் கண்ணால் கண்டதை ஒரு பக்கம் எழுதிவந்து வகுப்பில் உரக்கப் படிக்கச் சொல்லியிருக்கிறார் டீச்சர். நான் எதை எழுதுவேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. யார் யார் சிரித்தார்கள், அவர்களுக்கு நான் என்ன பதில் கொடுத்தேன் என்பதை அன்று வகுப்பு விட்டு வந்ததும் உனக்கு எழுதுகிறேன்.