குழந்தைக் கட்டில்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உன் இடுப்புவலி எப்படி இருக்கிறது? தண்ணீர்க் குடத்தை நீயே தூக்காதே.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் டிராவல்ஸ் ஆபீசில் ஒரு வயதான தம்பதிக்கு, நல்ல வெயிலடிக்கும் நாடொன்றில் பத்து நாள் பயணத் திட்டம் போட்டுக்கொடுத்தேன். மூன்று நகரம், பிறகு கடற்கரை. அந்த அம்மா திட்டத் தாளைப் படித்துவிட்டு, "ஏம்ப்பா, ரூமுக்குக் குழந்தைக் கட்டில் போட்டிருக்கியே, இந்த வயசுலயா?" என்றார். ஆபீசே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வேறொன்றுமில்லை. வேலை இல்லாத நேரத்தில் நம் மூவருக்கும் அதே பயணத் திட்டத்தை எப்போதோ போட்டு வைத்திருந்தேன். அதை நகலெடுத்துப் பெயர்களை மாற்றியவன், கட்டிலை நீக்க மறந்துவிட்டேன்.

மேனேஜர் திட்டவில்லை. "உன் பாப்பாவுக்கு என்ன வயசு?" என்று மட்டும் கேட்டார். நம் திட்டத் தாளில் இருந்தபடி "ரெண்டு" என்று சொல்லிவிட்டேன். நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அது நான் ஊரிலிருந்து கிளம்பியபோது இருந்த வயது. இப்போது ஏழு.

பாப்பாவைச் சுவரோரம் நிற்கவைத்து, உச்சந்தலையிலிருந்து பாதம்வரை ஒரு நூலால் அளந்து, அந்த நூலையே கடிதத்தில் வைத்து அனுப்பு. நம் திட்டத்தில் கட்டிலை மாற்ற வேண்டும்.

கூப்பிடுகிறார்கள்.

பாப்பாவின் அப்பா