கொடி கட்டிய சைக்கிள்

மாப்பிள்ளை,

நாளை காலைப் பூசை முடிந்து வேளாங்கண்ணிக்குக் கிளம்பும் பதினெட்டு சைக்கிளில், கொடி கட்டிய உன் சைக்கிள்தான் முன்னால் போகும். ஒன்பது வருஷம் அந்தக் கொடியோடு போனவன் நான். "முட்டி வலியோட எதுக்குங்க? உங்க மச்சினன் போகட்டும்" என்றுவிட்டார் ஃபாதர்.

கரூர் தாண்டினால் வெயிலையும் நம்பாதே, மழையையும் நம்பாதே. மாற்றுத் துணியைப் பாலித்தீன் பையில் கட்டிக்கொள். கொடி நனைந்தால் கனக்கும், ஹேண்டில்பார் ஒரு பக்கமாக இழுக்கும். ஐந்து நாளும் இப்படித்தான்.

உன் அக்கா உனக்காக முறுக்கு சுட்டுக்கொண்டிருக்கிறாள். "தம்பி கொடியோட போனாத்தானுங்க அம்சமா இருக்கும்" என்று என்னிடமே சொல்கிறாள். என்னை ஒரு வருஷமும் அப்படிச் சொன்னதில்லை.

நேற்று கொடிக்கம்பு கட்ட என்னிடம் சைக்கிளைக் கொண்டுவந்தாய். நீ உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தபோது பின் பிரேக் நட்டைத் தளர்த்திவிட்டேன். ஈர ரோட்டில் அது பிடிக்காது. உடனே முடுக்கியிருக்கலாம், கை போகவில்லை. இன்று உன் வீட்டு வாசல்வரை வந்தேன். அப்போதும் கை போகவில்லை.

ஸ்பேனரை இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன். நீயே முடுக்கிக்கொள். அக்காவிடம் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் மச்சான்