நவம்பர் மாத வாடகை

வாங்கி வாடகைக்கு விடலாமென்று கேட்டிருந்தேன்; வண்டலூரில் இன்று காலை ஒரு வீட்டைத் திறந்து காட்டினார்கள். கதவு திறந்ததும் புதுப் பெயிண்ட் வாசனை. உடனே உன் நினைவுதான் வந்தது. "பெயிண்ட் வாசனை அடிச்சா மொதல்ல கீழ போய் மீட்டரைப் பாருப்பா" என்பாய். தரகர் ஹாலின் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே படியிறங்கினேன். மின்சார மீட்டர் என் தலைக்கு மேலே இருந்தது. இடுப்பு உயரத்தில், பழைய பெட்டியைப் பொருத்தியிருந்த நான்கு துளைகள் புதுப் பெயிண்டையும் மீறித் தெரிந்தன.

இதைக் கற்றுக்கொள்ள நீ கொடுத்த விலை எனக்குத் தெரியும். தாம்பரம் அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி நமக்கு. இரும்புலியூரில் அந்தத் தரைத்தள வீட்டுக்குச் சித்திரை வெயிலில், அட்சய திருதியை அன்று முன்பணம் கொடுத்தாய். வாஸ்துக்காரர் ஒவ்வொரு மூலையாகப் பார்த்துத் தலையாட்டினார். "வாடகை பேங்க் வட்டி அளவுகூட வராதே" என்றேன். "வீட்டு விலை ஏறும்ப்பா, டெபாசிட் ஏறுமா?" என்றாய். நவம்பரில் ஹாலுக்குள் முழங்கால் தண்ணீர். கைக்குழந்தையோடு இருந்த வாடகைக்காரர்கள் காலி செய்தார்கள். நான்கு மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. கடன் தவணை உன் சம்பளத்தில் போனது. "ஈசானி மூலையைப் பாத்தோம், ஏரி எந்த மூலைன்னு பாக்கலையே" என்று நீயேதான் சிரித்தாய்.

"வெயில் காலத்துலயே வித்துடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். டிபன் பாக்ஸை மூடினாய்.

"எனக்குத் தெரியுமே."

நான் அப்படிச் சொன்னதை எழுத இன்றும் கூச்சமாக இருக்கிறது. நீ மீட்டரை உயர்த்தினாய், பரண் கட்டினாய். அடுத்து வந்தவரிடம் முதல் பேச்சிலேயே சொன்னாய்: "மழைல தண்ணி வரும் சார். வந்தா அந்த மாச வாடகை வேணாம்." உனக்குப் பைத்தியம் என்று நினைத்தேன். அவர் காலி செய்யவே இல்லை. வருடத்துக்குப் பதினோரு மாத வாடகை நிச்சயமாக வந்தது. உன்னை எடுத்த அன்று, வாசலில் வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான்.

இன்று தரகருக்கு என்மேல் வருத்தம். "நீங்க வாங்குறது செகண்ட் ஃப்ளோர் மேடம். தண்ணி என்ன லிஃப்ட்லயா ஏறி வரும்?"

தரைத்தளத்துப் பெண் துணி பிழிந்துகொண்டே சொன்னாள்: "மேல வராதுக்கா. ஆனா மழை வந்தா மூணு நாள் கரன்ட் இருக்காது. மோட்டார் ஓடுமா? போன மழைக்கே மாடில ரெண்டு வூடு காலி."

ஸ்கூட்டரில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பன்னிரண்டு மாதம் அல்ல, மழைக்கு இரண்டு போகப் பத்து மாத வாடகை. அதிலும் பராமரிப்பு, வரி, வெள்ளையடிப்பு போக மீதி. மகளுக்கு இன்னும் இரண்டு வருடம் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது. உன் வீட்டைப்போல நான்கு மாதம் பூட்டிக் கிடந்தால் கட்டணமா தவணையா என்று நிற்பேன். அந்த நான்கு மாதத் தவணையையும் கழித்து ஒரு விலை சொன்னேன்.

"இந்த ரேட்டுக்கு ஊரப்பாக்கத்துல மனைகூட வராது மேடம்."

"அப்ப வேணாம்ண்ணா" என்று வண்டியைக் கிளப்பினேன்.

சாயங்காலம் அவரே அழைத்தார். ஓனர் பாதி இறங்கி வருகிறாராம். முழுதும் இறங்கினால் பேசலாம் என்றேன். இறங்காவிட்டால் வேறு வீடு பார்ப்பேன், மழை பெய்யும் ஒரு நாளில். எதை வாங்கினாலும் நான்கு மாதத் தவணையைத் தனியே எடுத்து வைத்த பிறகுதான் முன்பணம்.

வீடு எதுவென்று இன்னும் முடிவாகவில்லை. ஆனால் அதில் குடிவரப்போகிறவரிடம், மழையில் அங்கே என்ன ஆகும் என்பதைத்தான் முதலில் சொல்வேன். அவர் கேட்காவிட்டாலும் சொல்வேன். எனக்குத் தெரியுமே.